துவைக்கிற கல்லும் கண்ணிவெடிக் கருவியும்

அருமை மகனே,

பம்பாயிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. ஒரு வரி எழுதுவேன், எழுந்து கொல்லைப்புறம் போய்ப் பார்ப்பேன், திரும்பி வந்து பேனாவை எங்கே வைத்தேன் என்று தேடுவேன். நைனாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது உனக்குப் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை நிற்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, இந்தக் கடிதம் கடைசியில் அங்கேதான் போய் முடியும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. நான் அப்படிப் புரட்டுகிறவன், என் பிள்ளையும் அப்படித்தான் இருப்பான் என்று தெரிந்து சொல்கிறேன்.

பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட கண்ணிவெடி தேடும் கருவிகளை அங்கே குவித்து வைத்து விற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு பழைய கோட்டைப் பக்கம் போய் நாணயம் தேடிப் பார்க்க ஆசை, வெறும் பொழுதுபோக்குத்தான், இதற்குமுன் இந்த மாதிரிச் சாமானைக் கையால் தொட்டதில்லை, எதைப் பார்த்து வாங்குவது நைனா என்று கேட்டிருக்கிறாய். ஸயன்ஸ் வாத்தியாரிடம் கேட்பதாக நினைத்துக் கேட்டிருக்கிறாய். உனக்குப் பதில் எழுதுகிறவனோ, சென்ற சில மாதங்களில் அதே கருவியை ஒரு தடவை தப்பாக வாங்கி, சாந்தோம் கடற்கரையில் நாலு பேர் சிரிக்க நின்று, அதைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினவன். உனக்குத் தெரியாமல்தான் செய்தேன். நீயும் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்யப் பார்க்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

ஏனென்றால் நாணயத்தின்மேல் உனக்கு என்றைக்கடா ஆசை வந்தது? போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிணற்றடியில் நின்றவன், துவைக்கிற கல்லைச் சுற்றி மண்ணைக் கால் கட்டைவிரலால் கீறிக்கொண்டே இருந்தாய். நான் வந்ததும் நிறுத்திவிட்டாய். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உன் அம்மா எதைப் புதைத்தாள், அது என்ன ஆயிற்று என்று இந்த வீட்டில் மூன்று பேரும் அவரவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டோம். நீ வாங்க நினைக்கிற கருவி எந்தக் கோட்டைக்கு என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

நீ அப்போது பள்ளிக்கூடப் பையன், பாதிதான் ஞாபகம் இருக்கும். ஜப்பான்காரன் வந்துவிடுவான், குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம். மயிலாப்பூர் மாடவீதிகளில் பகலிலேயே நாய்தான் நடந்தது. மாட்டு வண்டிக்காரன் கேட்ட கூலியைக் கொடுத்து ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். நாமும் ஆற்காட்டில் உன் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் திருட்டு பயம் என்று எல்லாரும் சொன்னதால், உன் அம்மா தன் அட்டிகை, காசுமாலை, உன் குழந்தைப் பருவத்து வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் மெழுகுத் துணியில் சுற்றி, மூடி போட்ட பித்தளைத் தூக்கு ஒன்றில் அடைத்து, துவைக்கிற கல்லின் கிழக்குப் பக்கத்தில் தானே மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். முழங்கை அளவு ஆழம். மேலே ஒரு ஓடு. என்னைக் கிட்டே வரவிடவில்லை. ஆண்பிள்ளைகள் வாய் நிற்காதாம், இடம் மட்டும் தெரிந்தால் போதுமாம்.

ஆளில்லாத வீட்டை எவனாவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவான் என்று, ஊரைவிட்டுப் போகாத ஒரு குடும்பத்தைச் சும்மாவே குடியிருக்க விட்டுப்போனோம். பள்ளிக்கூடம் திறந்ததும் நான் மட்டும் வந்து ராயப்பேட்டையில் நண்பர் வீட்டு மாடி அறையில் தங்கினேன். அந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போனபின், நீங்கள் வருவதற்கு முன்னால், வீட்டுக்கு வெள்ளையடிக்க நான் தனியாகக் கொஞ்ச நாள் இங்கே இருந்தேன். அந்தக் கொஞ்ச நாள்தான் எனக்கு வினையாக முடிந்தது.

உன் அம்மா வந்து இறங்கியதும் முகம்கூடக் கழுவாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். முழங்கை ஆழம் தோண்டினாள், இல்லை. பக்கத்தில் தோண்டினாள், இல்லை. கல்லைச் சுற்றி வட்டமாகத் தோண்டினாள். இன்னும் ஆழமாகப் பார்க்கலாம் என்று நான் அவள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். "நான் வச்ச ஆழம் எனக்குத் தெரியாதா? ஒரு விரக்கடை கூட கீழ போவலை" என்றாள். அவ்வளவுதான். குழிகளை மூடினாள், குளித்தாள், சமைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்து நடந்தது உனக்கும் தெரிந்ததுதான். உனக்குக் கிண்டியில் இன்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தது. வாத்தியார் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா என்று தெருவே கேட்டது. நடந்தது. சாயங்காலமானால் நான் மாம்பலத்துக்கும் அடையாறுக்கும் சைக்கிளை மிதித்துப் பணக்காரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் வெளியே டியூஷன் எடுக்கக் கூடாது, தெரிந்தால் வேலை போகும். உன் அம்மாவிடம் சொன்னால் அது சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் போகும், அந்த அம்மாளின் தம்பிதான் எங்கள் ஹெட்மாஸ்டர். அதனால் காலாறக் கடற்கரைக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். என் கால் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயமானதால் யாரும் சந்தேகப்படவில்லை, உன் அம்மாவைத் தவிர. அவளைத் தவிர இடம் தெரிந்த ஒரே ஆளாய்த் தனியாக வீட்டில் இருந்த புருஷன், காணாமல்போன நகை, கேட்காமல் வந்த பணம். மூன்றையும் அவள் சேர்த்துப் பார்த்ததில் என்ன தப்பு சொல்ல முடியும்?

நீ முதல் நாள் காலேஜுக்குக் கிளம்பினபோது உன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அவள் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லா படிடா. ரொம்பப் பெரிய விலை குடுத்து வாங்கின படிப்பு." நீ சட்டென்று என் முகத்தைப் பார்த்தாய். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நீயும் அதைத்தான் நம்புகிறாய் என்று. அம்மாவின் நகையை விற்று நைனா படிக்கவைக்கிறார் என்ற பாரத்தோடு நீ அந்த வருஷங்களைப் படித்துத் தீர்த்தாய். படிப்பு முடிந்து என் டியூஷன் விஷயத்தை நான் எடுத்துச் சொன்னபோது உன் அம்மா "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னாள். வேளை தப்பிச் சொன்ன உண்மைக்கு அவ்வளவுதான் மரியாதை. உன்னைப் பம்பாய்க்கு வண்டியேற்றிவிட அவள் உன் பெரியம்மாவோடு ஜட்காவில் வந்தாள், நான் சைக்கிளில் வந்தேன். பிளாட்பாரத்தில் உனக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றோம். நீ அதைக் கவனித்தாய் என்பதையும் நான் கவனித்தேன்.

சரி, கருவிக்கு வருகிறேன். கேட்டது அதைத்தானே.

யுத்தம் முடிந்து இத்தனை வருஷமாகியும் பட்டாளத்துச் சாமான்கள் பழைய பொருள் கடைகளில் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன; சில மாதங்களுக்கு முன் ராயப்பேட்டையில் ஒரு பாயின் கடையில் முதல் கருவியைப் பார்த்தேன். பழைய ரேடியோ, டெலிபோன், தண்ணீர் பாட்டில், பூட்ஸ் என்று ஒரு பட்டாளமே செத்துக் கிடக்கிற கடை. பாய்க்கு என்னை முன்பே தெரியும், பள்ளிக்கூட லாபரட்டரிக்கு அவரிடம்தான் கம்பி வாங்குவேன். இரண்டு கருவிகள் வைத்திருந்தார். ஒன்று பெரியது. முதுகில் மாட்டுகிற பெட்டி, தோல் குல்லா மாதிரித் தலையோடு இறுக்கிக் கட்டுகிற ஹெட்போன், இரும்புச் சட்டிமூடி அளவுக்குக் கனத்த தட்டு. இன்னொன்று சின்னது, ஒரு கழி, நுனியில் மரத்தட்டு, இடுப்பில் தொங்கும் பை, சாதாரண ரேடியோக்காரர்கள் மாட்டுகிற ஹெட்போன். பெரியதைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்து ஸ்விட்சைப் போட்டதும் அது கத்தின கத்தலில் கடையே அதிர்ந்தது. ஆள் உயரத்துக்குக் கீழே இருந்தாலும் சொல்லிவிடும் என்றார். எனக்கு அப்போதே பித்துப் பிடித்துவிட்டது. எது ஆழமாகப் பார்க்குமோ அதுதானே நல்லது என்று பெரியதையே வாங்கினேன். மேஜை முழுக்க ஆணி அடித்திருந்தது என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ஆகவே, மகனே, கருவியைக் கடைக்காரன் மேஜையில் சோதிக்காதே. உன் பையில் ஒரு பித்தளைப் பூட்டும் ஒரு வெள்ளிக் காசும் எடுத்துப் போ. கடைக்கு வெளியே மண் தரையில் அவற்றைப் புதைத்து, நீயே கழியைப் பிடித்து நடந்து பார். விற்கிறவன் பிடித்தால் கருவி நன்றாகத்தான் பேசும்.

ஆழத்தை யார் எவ்வளவு சொன்னாலும் நம்பாதே. பட்டாளத்தான் இதைச் செய்தது தட்டு அளவுள்ள வெடியை மண்ணுக்குச் சற்றுக் கீழே கண்டுபிடிக்க. அதற்குமேல் அதற்குக் காது கிடையாது. சின்னப் பொருளென்றால் அதுவும் கிடையாது. இதை நான் சாந்தோம் குப்பத்துக் கரையில் படித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை முதுகில் பெட்டியும் தலையில் குல்லாவுமாகப் போய் நின்றால், மணல் எங்கே தொட்டாலும் அழுகிறது. கரையில் கறுப்பு கறுப்பாக ஓடுகிற மணலில் இரும்புச் சத்து, அலை நனைத்த இடத்தில் உப்பு, இரண்டும் சேர்ந்து காதைக் கிழித்தன. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா சார், மீன் கூப்புடற மிஷினா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. போன மாசிமகத்தன்று கரையில் தொலைத்த மூக்குத்தியைத் தேடித்தர முடியுமா என்று கேட்டாள். அவள் காட்டின இடத்தில் வெயில் ஏறும்வரை தேடினேன். பிறகு என் மோதிரத்தைக் கழற்றி மணலில் வைத்து மேலே தட்டைக் காட்டினேன், மோதிரத்துக்கென்று தனிச் சத்தமே இல்லை, அதே அழுகைதான். வாங்கின அன்றே இதைச் செய்திருக்க வேண்டும். முடியாது தாயே என்று சொல்ல எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையில் இதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் தொலைத்தவர்கள் எல்லாரும் உன்னிடம் வருவார்கள். உன்னால் ஆகாததை முதலிலேயே ஆகாது என்று சொல்லிப் பழகு.

அப்புறம் பாட்டரி. இது நான் பட்ட பாட்டிலேயே பெரிய பாடு. பெரிய கருவிக்கு இரண்டு விதமான பாட்டரி வேண்டும், அதில் ஒன்று பட்டாளத்துக்கு என்றே தனியாகச் செய்தது. கடற்கரையிலேயே அது மூச்சை விட்டுவிட்டது. அதே மாதிரி இன்னொன்று சைனா பஜார் முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. முதுகுவலி மட்டும் மிச்சம். அதனால் நீ கடைக்குள் நுழைந்ததும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இதற்கு என்ன பாட்டரி, அது பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்பதுதான். உள்ளே இருக்கிற ரேடியோ வால்வு தனியாக வாங்க முடியுமா என்று கேள். கழியைக் கையில் பிடித்து ஒரு காப்பி ஆறுகிற நேரம் நில், தோள் வலித்தால் வேண்டாம். நான் பெரியதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தபோது பாய் கோபித்துக்கொள்ளவில்லை, கேலிதான் செய்தார். "வாத்தியாரே, யானைய வாங்கிக்கினு போயி வூட்ல கட்ட எடமில்லன்றீங்க. அப்பவே சின்னதைத் தொட்டுப் பாருங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், உங்க மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கினேன்" என்றார். சின்னதைக் கொடுத்தனுப்பினார்.

ஏன் வாங்குகிறாய் என்பதை மட்டும் வாங்கும் முன்பே உனக்குள் ஒப்புக்கொண்டுவிடு. நான் பாயிடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட என்றேன், எனக்கு நானே பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டேன். காரணத்தை ஒப்புக்கொண்டிருந்தால் கடற்கரைக்குப் போயிருக்கவே மாட்டேன், நேராகக் கொல்லைக்கு வந்திருப்பேன். பயம். தேடினால் இல்லை என்று தெரிந்துவிடுமே என்ற பயம். இல்லையென்றால் நான் எடுத்தேன் என்பது இரும்பால் அடித்த உண்மையாகிவிடும். தேடாதவரை இருக்கலாம் என்றாவது இருந்தது.

இந்த இடத்தில் எழுந்து போய் ஒரு தடவை கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தேன். மேகம் கூடுகிறது. சீக்கிரம் முடிக்கிறேன்.

சின்னக் கருவியைக் கொல்லையில் இறக்கினேன். உன் அம்மா அடுக்களை வாசலில் நின்று புளி கரைத்துக்கொண்டே பார்த்தாள். கிணற்றிலிருந்து பின்சுவர் வரைக்கும் ஒரே நீளத்தில் கருவி விடாமல் கத்துகிறது. துவைக்கிற கல்லுக்கு அருகே கொண்டுபோனால் மௌனம். கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம், எங்கும் ஒன்றுமில்லை. மறுபடியும் பார்த்தேன். தட்டை மண்ணோடு தேய்த்துப் பார்த்தேன். திரும்பினால் அவள் கை புளியிலேயே நின்றுவிட்டது. "இல்லைல்ல? எனக்குத்தான் முன்னயே தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அதன்பின் ஒரு வாரம் என்னால் வகுப்பில்கூட நிற்க முடியவில்லை. மனசு திரும்பத் திரும்ப அந்தக் கத்தின இடத்துக்கே போயிற்று. வேண்டாத சத்தம் என்று ஒதுக்கிவிட்டேனே, அது ஏன் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது? போய்த் தோண்டினேன். துருப்பிடித்த பிஸ்கோத்து டின், லாந்தர் விளக்கின் அடிப்பாகம், முள்கம்பி, பீப்பாய் வளையம். குப்பை. ஆனால் குப்பைக்கு இரண்டு பக்கமும் கெட்டியான மண் சுவர் மாதிரி நிற்கிறது. யாரோ ஆளை நிறுத்துகிற அளவுக்குப் பள்ளம் வெட்டி, பிறகு கண்டதைப் போட்டு மூடியிருக்கிறார்கள். சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன். அவருக்கு என் அறியாமைதான் ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க ஊருக்குப் போனப்புறம் குடியிருந்தவங்க வெட்டின பதுங்கு குழி. சைரன் ஊதினா அதுல போயி குந்திப்பாங்க. வெட்டின மண்ணையெல்லாம் கொல்லை பூரா எறைச்சி வுட்டாங்க, அது அப்பிடியே கீது" என்றார்.

பிறகு மெதுவாகத் திரும்பித் துவைக்கிற கல்லைப் பார்த்தேன்.

ஊரிலிருந்து வந்த நாள் முதல் உன் அம்மா சொல்லிக்கொண்டிருப்பாளே, கல்லு இறங்கிப்போச்சு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது என்று. மழைக்கு இறங்கியிருக்கும் என்று நானும் சொன்னேன். ஸயன்ஸ் வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்! கல் எங்கேயும் இறங்கவில்லை. தரைதான் ஏறியிருக்கிறது. மண்வெட்டியை எடுத்துக் கல்லின் காலடியில் வெட்டினேன். முழங்கால் மறைகிற ஆழத்தில் அந்தப் பழைய சிமெண்டுத் தளம் வந்தது. ஈரம் காயுமுன்னே நீ சின்னப் பையனாக மிதித்து, அதற்காக உன் அம்மாவிடம் அடி வாங்கினாயே, அந்தக் காலடி அப்படியே இருந்தது. அது எங்கே போயிற்று என்று இத்தனை வருஷம் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் புதைத்தது அந்தத் தளத்தை ஒட்டியிருந்த பழைய மண்தரைக்குக் கீழே முழங்கை ஆழம். அவள் திரும்பி வந்து தோண்டினதெல்லாம் குடியிருந்தவர்கள் கொட்டிய மண்ணை.

உன் அம்மாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. அவன் காலடி வந்திருக்கிறது, வந்து பார் என்றேன். வந்தாள். குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள், உள்ளே திரும்பிப் போகவில்லை. கிழக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு தடவையும் கழியைக் குழிக்குள் இறக்கிக் கேட்டேன். ஆழத்துக்கு அதற்குக் காது கிடையாது என்றேனே, நாம் இறக்கிக் காட்டவேண்டும். வெட்டுவதும் கேட்பதுமாக வேர்த்துக் கொட்டுகிற சமயத்தில், காதுக்குள் மெல்லிதாக ஒரு ரீங்காரம். கையை அசைத்தால் போகிறது, அதே இடத்துக்கு வந்தால் வருகிறது. கேட்கிறது என்று கத்தினேன். அவள் அசையவில்லை. "உங்களுக்குக் கேக்கும்" என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம்தான். காதில் மாட்டியிருப்பவன் நான், சந்தேகத்துக்கு ஆளானவனும் நான், என் காதில் கேட்டால் யாருக்கு என்ன? கழற்றிக் கொடுக்கலாம் என்றால் கம்பி குட்டை, கழியை விட்டால் இடம் தவறிவிடும். சாதாரண ஹெட்போனில் ஒரு சௌகரியம், வளையத்தைத் திருப்பினால் ஒரு காதுக்குமிழைப் பக்கத்தில் இருப்பவர் காதில் வைக்கலாம். பெரியதில் அது நடக்காது, தோல் குல்லா ஒரு தலைக்குத்தான். இப்படி வா என்றேன். என் இரண்டு கையும் கழியில். அவளே வந்து, குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு குமிழைத் தன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் தலை என் தலையோடு ஒட்டிக்கொண்டது. அவள் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. அவ்வளவு கிட்டே அவள் வந்து வருஷங்கள் ஆயிற்று, மகனே. உனக்கு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. கழியை மெதுவாக அந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

"எனக்கும் கேக்குது" என்றாள்.

மேல் மண்ணைத் தன் கையாலேயே வாரினாள். ஓடு தெரிந்தது. நான் கடப்பாரையை எடுக்கப் போனேன், தடுத்தாள். ஓட்டின்மேல் இருந்த மண்ணை ஊதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மல்லாக்க வச்சேன். எடுக்கறவன் மூடினா கவுத்துதான் மூடுவான்னு மல்லாக்க வச்சேன். வச்ச மாதிரியே கீது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உள்ள எப்பிடி இருந்தாலும் சரி. நீங்க தொடலை" என்றாள். எனக்கு அழுகை வந்தது, வந்தது என்று எழுதுவதில் என்ன வெட்கம்.

நான் தோண்டலாம் என்றேன். கூடாது என்றுவிட்டாள். "அவன் வரட்டும். அவனும் காதுல மாட்டிக்கினு கேக்கட்டும். நம்ம ரெண்டு பேரும் எடுத்துக் காட்டினா, அவனை சமாதானம் பண்ண நைனா எங்கியோ வாங்கியாந்து வச்சிட்டாருன்னு நெனைப்பான். அவன் கையால எடுக்கணும்." உன் அம்மாவின் மூளை எப்படி வேலை செய்கிறது பார். சந்தேகத்தில் அவ்வளவு நாள் இருந்தவளுக்குத்தான் சந்தேகம் எப்படிப் போகும் என்பது தெரிகிறது. ஓட்டின்மேல் கொஞ்சம் மண்ணை மட்டும் தூவினோம், குழியை நிரப்பவில்லை. நான் அவசரத்தில் தகரத்தைப் போட்டு மூடிவிட்டு, இருக்கிறதா என்று கருவியை வைத்துப் பார்த்தால் தகரம் கத்துகிறது. உன் அம்மா சிரித்துவிட்டாள். இப்போது பனையோலைத் தடுக்குப் போட்டிருக்கிறேன், மழை வந்தால் அது தாங்காது. அதனால்தான் உட்கார முடியவில்லை.

எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டாயே. இலேசானதாக, ஊரில் கிடைக்கிற பாட்டரியில் ஓடுவதாக, இரண்டு பேர் சேர்ந்து கேட்கிற ஹெட்போன் உள்ளதாகப் பார். ஆனால் இப்போது எதையும் வாங்கிவிடாதே. இங்கே ஒன்று உனக்காகத் துடைத்து வைத்திருக்கிறது, பாட்டரி புதிது. நிஜமாகவே நாணயம் தேடுகிற ஆசை இருந்தால் போகும்போது அதை எடுத்துப் போ. முதலில் லீவு சொல்லிவிட்டு மெயில் வண்டியில் ஏறு, ஏறினதும் தந்தி கொடு. ஸ்டேஷனுக்கு ஒரே ஜட்காவில் வருகிறோம்.

உன் நைனா